கடைக் குத்தகை உறுதியில் நாம் எழுதாமல் விடும் பக்கம்

எங்கள் ஊரின் பிரதான வீதியில் எனது வாப்பாவுக்குச் சொந்தமான ஒரு காணித் துண்டு இருக்கிறது. முன்பக்கம் ஒரு கடை, பின்பக்கம் தகரம் போட்ட ஒரு கொட்டில். சில வருடங்களுக்கு முன்னர் அதை வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றுக்காக ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுத்தோம். குத்தகை உறுதியின் வாசகங்களைத் தயாரித்தவன் நான். குடும்பச் சொத்து என்பதால் சக நொத்தாரிசு ஒருவர் அத்தாட்சிப்படுத்தினார்.

மொத்தம் இரண்டரைப் பக்கம். மாத வாடகை, முற்பணம், மின்சாரக் கட்டணம், எத்தனை மாத வாடகை நிலுவையானால் வெளியேற்றலாம், முன்னறிவித்தல் எத்தனை நாள் என எல்லாம் இருந்தன. "சட்டவிரோதமான காரியங்களுக்குப் பயன்படுத்தலாகாது" என்ற வழமையான வரியும் இருந்தது. கழிவு பற்றி ஒரு சொல் கூட இருக்கவில்லை.

ஐந்து வருடம் முடிந்து அவர் நல்ல முறையில் சாவியைத் தந்துவிட்டுப் போனார். வாடகையில் ஒரு சதமும் பாக்கியில்லை. இரண்டு மாதம் கழித்து பின்வளவில் குடியிருக்கும் மாமி என்னைக் கூப்பிட்டார். கணவன் மௌத்தான பிறகு தனியாக வாழ்பவர். வாளியில் தண்ணீர் அள்ளி என் முன்னால் வைத்தார்.

"மகன், இத மணந்து பாருங்க. ரெண்டு கிழமையா இந்தத் தண்ணியில உலை வைக்க ஏலாம இருக்கு."

மணந்து பார்க்கவே தேவையிருக்கவில்லை. தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. கொட்டிலின் பின்னால் மண்ணை வெட்டிப் பார்த்தபோது கழிவு ஒயில் ஊற்றிய குழி தெரிந்தது. எங்கள் ஊர் கடற்கரையோரம். மணல் தரை, ஆழமில்லாத கிணறுகள். மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேர அதிக காலம் எடுக்காது.

குத்தகைக்காரரைத் தேடிப் போனேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. "லோயர் தம்பி, நான் எடுக்கக்கொள்ளயே அந்தக் குழி இருந்திச்சு. எனக்கு முன்னுக்கு லேத் பட்டறை வச்சிருந்த ஆள் வெட்டினது. நானும் கொஞ்சம் ஊத்தினான்தான், இல்லண்டு சொல்லல்ல. ஆனா எல்லாத்தையும் என்ட தலையில போடாதீங்க" என்றார்.

அவர் சொன்னது பொய்யல்ல. அவருக்கு முன்னர் அங்கே லேத் பட்டறை இருந்தது உண்மை. எவ்வளவு அவருடையது, எவ்வளவு முன்னவருடையது என்பதை நிரூபிக்க என்னிடம் ஒரு புகைப்படம் கூட இருக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தபோது தட்டிய கதவு எங்களுடையது. மண்ணை அகற்றவும் மாமியின் வீட்டுக்குக் குழாய் நீர் இணைப்பு எடுத்துக் கொடுக்கவும் செலவான தொகை, அந்தக் குத்தகையில் நாங்கள் பெற்ற ஒரு வருட வாடகையை விட அதிகம். அந்தக் கிணற்றுத் தண்ணீரை அவர் இன்றுவரை குடிப்பதில்லை.

மற்றவர்களுக்கு உறுதி எழுதிக் கொடுத்தே பிழைப்பவன் நான். இந்தத் தவறை நானே விட்டிருக்கிறேன் என்றால், நம் ஊர்களில் நூற்றுக்கணக்கான கடைகள் இதே நிலையில்தான் இருக்கும். எனவேதான் இந்தக் கட்டுரை.

எழுதாமல் விட்டால் என்ன நடக்கும்?

கடைக் குத்தகையில் சுற்றாடல் நிபந்தனை என்பது பெரிய கம்பனிகளுக்கு மட்டும் உரிய விடயமல்ல. கழிவு எங்கே போகும், கழிவுநீர் எங்கே போகும், புகைக்கும் சத்தத்துக்கும் யார் பொறுப்பு, போகும்போது இடத்தை எந்த நிலையில் ஒப்படைப்பது என்ற நான்கு கேள்விகளுக்கான பதில்தான் அது.

நமது நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. ஆனால் அந்த உறுதியில் என்ன எழுத வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தரப்பினரிடமே சட்டம் விட்டுவிடுகிறது. உறுதி மௌனமாக இருக்கும் இடத்தில் நமது பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் வந்து நிற்கும். வழமையான பாவனைத் தேய்மானம் தவிர, பெற்ற நிலையிலேயே இடத்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

கேட்பதற்கு நல்ல விதிதான். ஆனால் பெற்ற நிலை எது? சுவரில் வெடிப்பு இருந்ததா என்பதை நான்கு பேர் சொல்வார்கள். மண்ணுக்கடியில் என்ன இருந்தது என்பதை யார் சொல்வது? எங்கள் விடயத்தில் சட்டம் என் பக்கம் இருந்தது, சாட்சி இருக்கவில்லை.

அதிகாரிகள் உறுதியைப் பார்ப்பதில்லை

இருவர் எழுதிக் கொள்ளும் உறுதி அந்த இருவரையே கட்டுப்படுத்தும். அயலவரையோ அரச நிறுவனத்தையோ அது கட்டுப்படுத்தாது. "எல்லாப் பொறுப்பும் குத்தகைக்காரருக்கே" என்று எழுதி வைத்திருந்தாலும், சட்டம் உரிமையாளரிடம் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னர் செலவைக் குத்தகைக்காரரிடம் அறவிடுவதற்கே உறுதி உதவும்.

சில உதாரணங்களைப் பாருங்கள்.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும், குறித்துரைக்கப்பட்ட தொழில்களை நடத்துவோர் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்கின்றன. எந்தெந்தத் தொழில்கள் என்பது வர்த்தமானியில் பட்டியலிடப்படுகிறது. எரிபொருள் நிரப்பு நிலையம், வாகன சேர்விஸ் நிலையம், அரிசி ஆலை, மர ஆலை, பேக்கரி போன்றவை அவற்றின் அளவைப் பொறுத்து இதற்குள் வரக்கூடியவை. மாசு அதிகமுள்ள தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும், குறைந்தவற்றுக்கு உள்ளூராட்சி மன்றமும் அனுமதி வழங்குகின்றன. பட்டியல் காலத்துக்குக் காலம் மாறுவதால், கையொப்பமிடும் முன்னர் பிரதேச சபையிலோ சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலோ கேட்டுக் கொள்வதே நல்லது.

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இடத்தின் உரிமையாளர், அதில் இருப்பவர் இருவரையுமே குறிப்பிடுகிறது. கடையின் கூரைப் பீலியில் தண்ணீர் தேங்கி நுளம்புக் குடம்பி காணப்பட்டால், "பீலி துப்பரவு செய்வது அவரது வேலை" என்று ஒருவரை ஒருவர் காட்டிக் கொண்டிருப்பதில் பயனில்லை.

பொதுத் தொல்லை தொடர்பாக நீதவான் கட்டளை பிறப்பிக்க 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு இடமளிக்கிறது. தொல்லை தரும் தொழிலைச் செய்பவருக்கு எதிராக மட்டுமல்ல, இடத்தை உடைமையாக வைத்திருப்பவருக்கு எதிராகவும் அக்கட்டளை வரலாம்.

1996 ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபை எல்லைக்குள் காணியின் எல்லையில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே உச்ச அளவு. மாநகர, நகர சபை எல்லைகளுக்குள் அது முறையே 63, 50 டெசிபல். மாலை 6 மணியுடனேயே இரவுக் கணக்கு தொடங்கிவிடுகிறது. ஜெனரேட்டர் போடும் கடைக்காரரும் அதற்கு இடம் கொடுக்கும் உரிமையாளரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

சுன்னாகம் சொல்லும் பாடம்

இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் சுன்னாகம் ஒரு உதாரணம். அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பான அடிப்படை உரிமை மனு 2015 இல் தாக்கல் செய்யப்பட்டது. 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. எப்பாவல பொஸ்பேட் வழக்கில் 2000 ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றம் ஏற்றுக் கொண்ட கொள்கை அது.

சுன்னாகத்தில் அந்த நிறுவனம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணெய் மூலம் மின் உற்பத்தி நடந்து வந்திருக்கிறது. ஓரிடத்தில் ஒருவர் பின் ஒருவராகத் தொழில் செய்யும்போது, எனக்கு முன்னால் இருந்தவர் செய்தது எது, நான் செய்தது எது என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. பெரிய மின் நிலையத்துக்கும் எங்கள் கொட்டிலுக்கும் அளவில்தான் வித்தியாசம்.

உறுதியில் என்ன எழுத வேண்டும்?

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் தயாரிக்கும் ஒவ்வொரு கடைக் குத்தகையிலும் பின்வரும் ஏழு விடயங்களைப் பேசிவிட்டே எழுதுகிறேன்.

முதலாவது, ஆரம்ப நிலைப் பதிவு. சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து இடத்தைச் சுற்றிப் பார்த்து, வடிகான், குழி, கிணறு, நிலம் ஆகியவற்றைத் திகதியுடன் படமெடுத்து, இரு தரப்பும் கையொப்பமிட்டு உறுதியுடன் இணைக்க வேண்டும். கிணறு இருந்தால் நீர் மாதிரியைப் பரிசோதிப்பது நல்லது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். கராஜ் போன்ற தொழிலாயின் எண்ணெய், கிரீஸ் உள்ளதா என்பதையும் பார்க்குமாறு தனியாகக் கேட்க வேண்டும். கிருமிகளுக்கான சாதாரண சோதனை எண்ணெயைக் காட்டாது.

இரண்டாவது, தொழில் எது என்பதைத் தெளிவாகச் சொல்வது. "வியாபாரத்துக்காக" என்று மட்டும் எழுதினால் புடவைக் கடையும் வியாபாரம்தான், கோழி அறுக்கும் கடையும் வியாபாரம்தான். தொழிலை மாற்றுவதானாலும் மூன்றாம் நபருக்கு உள்வாடகைக்கு விடுவதானாலும் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

மூன்றாவது, அனுமதிப்பத்திரங்கள். சுற்றாடல் அனுமதிப்பத்திரம் தேவையான தொழிலாயின் யார் விண்ணப்பிப்பது, யார் புதுப்பிப்பது, பிரதியை எப்போது உரிமையாளரிடம் கொடுப்பது என்று எழுத வேண்டும். அதற்குக் கால எல்லை உண்டு. முன்னைய குத்தகைக்காரர் பெற்ற பத்திரம் சுவரில் தொங்குகிறது என்பதற்காகப் புதியவருக்கும் அது செல்லும் என நினைத்து விடாதீர்கள்.

நான்காவது, கழிவு. கழிவு ஒயில், பழைய பற்றரி, இரசாயனப் போத்தல்கள், உணவுக் கழிவு, கழிவுநீர் ஆகிய ஒவ்வொன்றும் எங்கே சேமிக்கப்படும், யாரிடம் கொடுக்கப்படும் என்று எழுத வேண்டும். "கழிவு ஒயிலை மூடியுள்ள பீப்பாவில் சீமெந்துத் தரையின் மீது சேமித்து, அதற்கு அனுமதி பெற்ற ஒருவரிடம் ஒப்படைத்து, பற்றுச்சீட்டை வைத்திருத்தல் வேண்டும். நிலத்திலோ வடிகானிலோ ஊற்றலாகாது" என்று இரண்டு வரி எழுதியிருந்தால் மாமியின் கிணறு தப்பியிருக்கும். சாப்பாட்டுக் கடையாயின் கழிவுநீர் வடிகானுக்குப் போகும் முன்னர் எண்ணெயையும் கொழுப்பையும் பிடித்துக் கொள்ளும் தொட்டி அமைப்பது யார், கிழமைக்கு எத்தனை முறை அதைத் துப்பரவு செய்வது என்பதும் இதில் அடங்கும்.

ஐந்தாவது, பார்வையிடும் உரிமை. முன்னறிவித்தல் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது உரிமையாளர் பின்பக்கத்தையும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டும். ஐந்து வருடமும் வாடகை வாங்க நான் முன்பக்கக் கதிரையில்தான் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு நாளும் போகவில்லை. குத்தகைக்காரர் மீது மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியாமலிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆறாவது, ஒப்படைக்கும் நிலை. குத்தகை முடிய ஒரு மாதத்துக்கு முன்னர் மீண்டும் இருவரும் சேர்ந்து பார்த்து, ஆரம்பப் பதிவுடன் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் குத்தகைக்காரர் தன் செலவில் சீர்செய்து தர வேண்டும். எண்ணெய் ஊறிய மண்ணை வெட்டியெடுத்து இன்னொரு வெற்றுக் காணியில் கொட்டுவது சீர்செய்தல் ஆகாது. அது அடுத்தவரின் கிணற்றுக்கு அனுப்பி வைப்பதாகும். எங்கே, யார் மூலம் அகற்றுவது என்பதைச் சுற்றாடல் அதிகாரிகளிடம் கேட்டே செய்ய வேண்டும்.

ஏழாவது, பணம். குத்தகைக் காலத்தில் ஏற்பட்ட மாசுக்கான பொறுப்பு குத்தகை முடிந்த பின்னரும் தொடரும் என்று எழுத வேண்டும். முற்பணத்தின் ஒரு பகுதியை இறுதிப் பரிசோதனை முடியும் வரை வைத்திருக்கலாம். நாங்கள் சாவி வாங்கிய அன்றே முழு முற்பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இத்தனையும் எழுதிய பிறகு உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யவும் மறக்கக் கூடாது. பதியாத குத்தகை, காணியை வேறொருவர் வாங்கிப் பதிந்தால் சிக்கலாகிவிடும்.

குத்தகைக்காரரும் ஏமாறக் கூடாது

இவையெல்லாம் உரிமையாளரைப் பாதுகாக்கும் நிபந்தனைகள் போலத் தோன்றலாம். அப்படியல்ல. ஆரம்ப நிலைப் பதிவு அதிகமாகக் காப்பாற்றுவது குத்தகைக்காரரைத்தான். அன்று அந்தக் காக்கா, "இந்தக் குழி ஏற்கனவே இருக்கிறது" என்று ஒரு வரி எழுதி என் வாப்பாவிடம் கையொப்பம் வாங்கியிருந்தால், நான் அவரைத் தேடிப் போயிருக்கவே முடியாது.

"இந்த இடம் தொடர்பான எல்லாச் சுற்றாடல் பொறுப்பும் குத்தகைக்காரருடையது" என்று பொத்தாம் பொதுவாக எழுதப்பட்ட நிபந்தனைக்கு இளம் வியாபாரிகள் கையொப்பமிடக் கூடாது. "எனது குத்தகைக் காலத்தில், எனது அல்லது எனது ஊழியரின் செயலால் ஏற்படுபவை" என்று அதைச் சுருக்குமாறு கேளுங்கள். கட்டடத்துடன் வரும் குறைபாடுகள், உதாரணமாகப் போதாத மலசலகூடக் குழி, உடைந்த வடிகான், ஒழுகும் பழைய தாங்கி ஆகியவை உரிமையாளரின் பொறுப்பாகவே இருக்க வேண்டும். நியாயமான உரிமையாளர் இதை மறுக்க மாட்டார்.

மின்சாரமும் இதற்குள் வரும்

2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டபோது, பல கடைக்காரர்கள் வாடகையை விட மின்பட்டியலுக்குப் பயந்தார்கள். கூரையில் வெப்பத் தடுப்பு இடுவது உரிமையாளரின் செலவு. அதனால் குறையும் மின்பட்டியல் குத்தகைக்காரரின் இலாபம். எனவே எவரும் செய்வதில்லை. வெளிநாடுகளில் பசுமைக் குத்தகை என்று பேசப்படுவது இந்தச் சிக்கலைத்தான் தீர்க்க முயல்கிறது. செலவையும் இலாபத்தையும் இருவரும் எந்த வீதத்தில் பங்கிடுவது என்று உறுதியிலேயே எழுதிவிடுகிறார்கள்.

சூரிய மின்சாரத்திலும் இதே கதைதான். கூரையில் பொருத்தும் படலங்கள் 20 வருடங்களுக்கு மேலும் உழைக்கும். நமது குத்தகைகளோ இரண்டு வருடம், ஐந்து வருடம். யாருடைய பெயரில் மின் கணக்கு, போகும்போது படலங்களைக் கழற்றலாமா, கூரை பழுதானால் யார் பொறுப்பு என்பவற்றை முன்கூட்டியே எழுதாமல் எவரும் அதில் பணம் போடக் கூடாது.

பள்ளிவாசல் கடைகள்

நமது பள்ளிவாசல்கள் பலவற்றின் நிரந்தர வருமானம் கடை வாடகைதான். அங்கே நிலைமை இன்னும் பாரதூரமானது. நம்பிக்கையாளர் சபை மாறிக் கொண்டே இருக்கும். இன்று வாய்ப்பேச்சில் முடித்த விடயம் அடுத்த சபைக்குத் தெரியாது. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் நிர்வகிக்கப்படும் சொத்து எவருடைய தனிச் சொத்துமல்ல. அதன் மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு வந்தால் அது போவது பொதுமக்களின் பணத்திலிருந்துதான். எனவே பழைய குத்தகைகளைப் புதுப்பிக்கும்போது இந்த நிபந்தனைகளைச் சேர்க்குமாறும், வக்பு சபையின் அனுமதி தேவைப்படும் இடத்தில் அதையும் பெறுமாறும் நம்பிக்கையாளர்களை வேண்டிக் கொள்கிறேன்.

"நம்மட ஆள்தானே, இதையெல்லாம் எழுதினா சந்தேகப்படுற மாதிரி ஆகும்" என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வது பற்றிய வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். எழுதுவது சந்தேகத்தின் அடையாளமாக இருந்தால் அதற்கு அவ்வளவு இடம் கொடுக்கப்பட்டிருக்காது.

வாப்பாவின் அந்த இடத்தில் இப்போது ஒரு வன்பொருள் கடை நடக்கிறது. புதிய உறுதி ஆறு பக்கம். கையொப்பமிட வந்த இளைஞர் வாசித்துவிட்டு, "பின்வளவுக் கிணத்தப் பத்தியும் எழுதி வச்சிருக்கீங்களே காக்கா" என்று சிரித்தார். ஆம். வருடத்துக்கு ஒரு தடவை மாமியின் கிணற்றுத் தண்ணீரை எங்கள் செலவில் பரிசோதிப்பது என்று ஒரு நிபந்தனை அதில் இருக்கிறது. முன்னரே எழுதியிருக்க வேண்டிய நிபந்தனை.

உங்கள் கடையின் உறுதி அலுமாரிக்குள் இருந்தால் இன்று ஒரு தடவை எடுத்து வாசித்துப் பாருங்கள். கழிவு என்ற சொல் அதில் இல்லையென்றால், அடுத்த முறை புதுப்பிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இரு தரப்பும் இணங்கினால் துணை ஒப்பந்தம் ஒன்றை இப்போதே எழுதிக் கொள்ளலாம். உங்கள் சட்டத்தரணியிடம் பேசுங்கள்.